268 காசுகளில் நான்காவது: 1854-எஸ் ஐந்து டாலர் தங்கக் காசு பற்றிய நிகழ்வு ஆய்வு

2018 ஏப்ரலில் அமெரிக்க நாணயச் சேகரிப்பாளர்களை உலுக்கிய செய்தி ஒன்று வெளியானது. நியூ இங்கிலாந்துப் பகுதியைச் சேர்ந்த ஒருவர், தம்மிடம் இருந்த பழைய தங்கக் காசு ஒன்றை நாணயக் கண்காட்சிக்குக் கொண்டு சென்று அங்கிருந்த வியாபாரிகளிடமும் சேகரிப்பாளர்களிடமும் காட்டியிருக்கிறார். பார்த்தவர்கள் எல்லோரும் போலி என்றே சொல்லியிருக்கிறார்கள். அவர் விடவில்லை. ஃபுளோரிடா மாநிலத்தின் சாரசோட்டா நகரில் உள்ள என்ஜிசி என்ற நாணயத் தரச்சான்று நிறுவனத்துக்கு அதை அனுப்பினார். அங்கிருந்து வந்த பதில் வேறு. காசு அசல், 1854-ஆம் ஆண்டு சான் பிரான்சிஸ்கோ நாணயச்சாலையில் அடிக்கப்பட்ட ஐந்து டாலர் தங்கக் காசு. அதுவரை உலகம் அறிந்திருந்தது அத்தகைய மூன்று காசுகளைத்தான். இது நான்காவது.

அதே ஆண்டு ஆகஸ்டில் ஃபிலடெல்ஃபியாவில் ஹெரிட்டேஜ் நிறுவனம் நடத்திய ஏலத்தில் அது 21,60,000 டாலருக்கு விற்றது.

இந்த விலையைத்தான் எல்லோரும் பேசினார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது விலை அல்ல. கண்காட்சி மேசையில் "போலி" என்று தள்ளப்பட்டதற்கும் ஆய்வு மேசையில் "அசல்" என்று உறுதியானதற்கும் நடுவில் என்ன நடந்தது என்பதே இங்கே எழுத வேண்டிய விஷயம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் அமெரிக்கத் தங்கக் காசுகளைச் சேகரிப்பவர்களுக்கு இந்த ஒரு நிகழ்வில் கற்க நிறைய இருக்கிறது.

காசு எப்படி இருக்கும்

அமெரிக்கர்கள் பத்து டாலர் தங்கக் காசை 'ஈகிள்' என்றார்கள். ஐந்து டாலர் 'ஹாஃப் ஈகிள்', இருபது டாலர் 'டபுள் ஈகிள்', இரண்டரை டாலர் 'குவார்ட்டர் ஈகிள்'. நம் காசு ஹாஃப் ஈகிள் வகை. எடை 8.359 கிராம், ஆயிரத்துக்குத் தொள்ளாயிரம் பங்கு தங்கம். நாம் சவரன் என்று வாயாரச் சொல்லும் சொல் பிரிட்டிஷ் 'சாவரின்' காசிலிருந்து வந்தது. அந்தக் காசின் எடை 7.988 கிராம். ஆகவே, கையில் ஒரு சவரன் காசை வைத்துப் பார்த்தவர்களுக்கு இதன் கனம் உடனே பிடிபடும். அதைவிடக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். குறுக்களவு ஐந்து ரூபாய்க் காசைவிடச் சற்றே குறையும்.

முன்பக்கத்தில் கிரிஸ்டியன் கோப்ரெக்ட் வடித்த சுதந்திர மங்கையின் தலை, அவள் நெற்றிப் பட்டத்தில் 'லிபர்ட்டி' என்ற எழுத்து, சுற்றிலும் பதின்மூன்று விண்மீன்கள், கீழே ஆண்டு. பின்பக்கத்தில் மார்பில் கேடயம் தாங்கிய கழுகு. கழுகின் அடியில், 'ஃபைவ் டி' என்ற மதிப்பு எழுத்துக்கு மேலே, கடுகளவு ஓர் எழுத்து இருக்கும்: எஸ். சான் பிரான்சிஸ்கோவில் அடித்தது என்பதற்கான அடையாளம் அது. சேகரிப்பாளர்கள் இதை 'மின்ட் மார்க்' என்பார்கள். இந்த ஓர் எழுத்து இல்லாத 1854 ஹாஃப் ஈகிள் ஃபிலடெல்ஃபியாவில் அடிக்கப்பட்டது. அது 1,60,675 காசுகள். எழுத்து இருந்தால் 268.

அந்த 268 காசுகளையும் ஒன்றாகக் குவித்தால் இரண்டேகால் கிலோகூடத் தேறாது. நம் கணக்கில் 280 சவரன். ஒரு சுருக்குப்பையில் அடங்கிவிடும்.

ஏன் வெறும் 268

தங்கம் கிடைக்காததால் அல்ல. 1848-இல் கலிபோர்னியாவில் தங்கம் கண்டெடுக்கப்பட்ட பிறகு அந்த மண்ணில் தங்கத் தூளுக்குப் பஞ்சமே இல்லை, பஞ்சம் காசுக்குத்தான். தனியார் நிறுவனங்கள் தாங்களே காசு அடித்துப் புழக்கத்தில் விட்ட காலம் அது. அமெரிக்க நாடாளுமன்றம் 1852-இல் சட்டம் இயற்ற, 1854 ஏப்ரலில் சான் பிரான்சிஸ்கோவின் கமர்ஷியல் தெருவில் ஒரு சிறிய கட்டடத்தில் அரசு நாணயச்சாலை திறக்கப்பட்டது.

திறந்த கையோடு தட்டுப்பாடு வந்தது, அமிலத்தில். மண்ணிலிருந்து எடுத்த கலிபோர்னியத் தங்கத்தில் வெள்ளி கலந்திருக்கும். காசுக்கான தரத்துக்குக் கொண்டுவர, அந்த வெள்ளியைப் பிரிக்க வேண்டும். நைட்ரிக் அமிலத்தில் கொதிக்க வைத்தால் வெள்ளி கரைந்து போகும், தங்கம் நிற்கும். அமிலம் இல்லாவிட்டால் தட்டாருக்கு வேலை இல்லை. கண்டத்தைக் கடக்கும் ரயில் பாதை 1869-இல்தான் முடிந்தது. 1854-இல் கீழைக் கரையிலிருந்து சரக்கு கடல்வழி சுற்றித்தான் வர வேண்டும். ஆகவே அந்த முதல் ஆண்டில் நாணயச்சாலை விட்டுவிட்டு ஓடியது.

இன்னொரு காரணமும் உண்டு. தங்கத் தூளைக் கொண்டுவந்து கொடுப்பவர் எந்தக் காசாக வேண்டும் என்று கேட்கிறாரோ, நாணயச்சாலை பெரும்பாலும் அதைத்தான் அடிக்கும். வங்கிக்காரர்களும் பெருவணிகர்களும் நியூயார்க்குக்குக் கப்பலேற்ற இருபது டாலர் காசுகளையே கேட்டார்கள். அந்த ஆண்டு 1,41,468 டபுள் ஈகிள்கள் அடிக்கப்பட்டன. மதிப்பு 28 லட்சம் டாலருக்கு மேல். ஹாஃப் ஈகிள்களின் மொத்த மதிப்பு 1,340 டாலர். இரண்டரை டாலர் காசுக்கும் இதே கதிதான்: 246 மட்டும். அதில் இன்று தெரிந்தவை ஏறத்தாழ ஒரு டஜன், பெரும்பாலும் தேய்ந்தவை.

சரி, அடித்த 268-ஐ யாராவது எடுத்து வைத்திருக்கக் கூடாதா? கூடாது என்றில்லை, யாருக்கும் தோன்றவில்லை. அன்றைய அமெரிக்காவில் தங்கக் காசு சேர்த்தவர்களே சிலர். அவர்களும் ஆண்டுக்கு ஒன்று என்று சேர்த்தார்கள். அது எந்த நாணயச்சாலையில் அடித்தது என்பது அவர்களுக்கு ஒரு பொருட்டாக இல்லை. 1893-இல் அகஸ்டஸ் ஹீட்டன் கிளை நாணயச்சாலைகளின் காசுகளைப் பற்றி ஒரு சிறு நூல் வெளியிட்ட பிறகுதான் மின்ட் மார்க் பார்த்துச் சேகரிக்கும் பழக்கம் பரவியது. அதற்குள் முப்பத்தொன்பது ஆண்டுகள் போய்விட்டன. காசுகள் கை மாறி, தேய்ந்து, உருகி, வேறு காசுகளாகிவிட்டன. பிறகு 1933-இல் ரூஸ்வெல்ட் ஆணையின்படி மக்கள் தங்கத்தை அரசிடம் ஒப்படைக்க வேண்டியதாயிற்று. சேகரிப்பாளர்களுக்குச் சிறப்பு மதிப்புடைய அரிய காசுகளுக்கு அந்த ஆணையில் விலக்கு இருந்தது. ஆனால் தன் பெட்டியில் இருப்பது அரிய காசு என்று தெரிந்தவனுக்குத்தானே அந்த விலக்கால் பயன்?

தெரிந்த மூன்று

2018 வரை கணக்கில் இருந்த மூன்றின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

ஒன்று வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் தேசிய நாணயத் தொகுப்பில் இருக்கிறது. மருந்து நிறுவனக் குடும்பத்தைச் சேர்ந்த ஜோசையா லில்லி சேர்த்த ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட தங்கக் காசுகள், அவர் மறைவுக்குப் பின் 1968-இல் அங்கே போய்ச் சேர்ந்தன. இதுவும் அவற்றில் ஒன்று. அது இனி ஏலத்துக்கு வரப்போவதில்லை.

இன்னொன்று பால்டிமோர் வங்கியாளர் லூயிஸ் எலியாஸ்பெர்க்கிடம் இருந்தது. அமெரிக்கக் காசுகளில் ஒவ்வொரு ஆண்டுக்கும் ஒவ்வொரு மின்ட் மார்க்குக்கும் ஒன்று என, அன்று அறியப்பட்ட அத்தனையையும் சேர்த்து முடித்தவர் அவர் ஒருவர்தான், 1950-இல் முடித்தார். அவருடைய தங்கக் காசுகள் 1982-இல் ஏலம் போயின. பின்னர் இந்தக் காசு டல்லஸைச் சேர்ந்த போக் குடும்பத்தின் சேகரிப்புக்கு வந்தது.

மூன்றாவது, டூபாண்ட் குடும்பத்தைச் சேர்ந்த வில்லிஸ் டூபாண்டின் காசு. 1962-இல் வுல்ஃப்சன் சேகரிப்பின் ஏலத்தில் விற்ற காசு அது. 1967 அக்டோபரில் மயாமியின் கோகனட் குரோவ் பகுதியில் இருந்த அவருடைய வீட்டுக்குள் முகமூடி அணிந்த ஐந்து பேர் துப்பாக்கியுடன் நுழைந்தார்கள். ஏறத்தாழ ஏழாயிரம் காசுகள் போயின. அவற்றில் இரண்டு 1804 வெள்ளி டாலர்களும் இருந்தன. அவை பின்னர் மீட்கப்பட்டன. 1866-ஆம் ஆண்டின் அரிய வெள்ளி டாலர் ஒன்று 2004-இல் வெளியே வந்தது. ஐந்து டாலர் தங்கக் காசு வரவில்லை.

சந்தேகப்பட்டவர்கள் தவறு செய்தார்களா

அந்தக் கண்காட்சியில் "போலி" என்று சொன்னவர்களைக் கேலி செய்வது எளிது. நான் செய்ய மாட்டேன். மூன்று காசுகள் மட்டுமே தெரிந்த ஒன்றை, முன்பின் தெரியாத ஒருவர் சட்டைப்பையிலிருந்து எடுத்து நீட்டினால் எந்த வியாபாரியும் அப்படித்தான் நினைப்பார். அவர்கள் வாழ்நாளில் பார்த்த அரிய தேதிக் காசுகளில் போலிகள் ஏராளம். அந்த அனுபவம் பொய் அல்ல.

போலி எப்படி வருகிறது என்று தெரிந்தால் அவர்களுடைய தயக்கம் இன்னும் புரியும். மிகப் பழைய வழி, எழுத்து ஒட்டுவது. எளிதில் கிடைக்கும் ஃபிலடெல்ஃபியா 1854 காசை வாங்கி, வேறு காசிலிருந்து சீவி எடுத்த எஸ் எழுத்தைக் கழுகின் அடியில் பற்ற வைத்துவிடுவார்கள். வெறுங்கண்ணால் பார்த்தால் குறை தெரியாது. உருப்பெருக்கியில் எழுத்தின் அடிவாரத்தைப் பார்க்க வேண்டும். அச்சில் அடித்த எழுத்து, வயலிலிருந்து வரப்பு எழுவதைப் போலத் தளத்தோடு ஒன்றாக எழும். அடியில் பிளவு இருக்காது. ஒட்டிய எழுத்தைச் சுற்றி மயிரிழை போல ஒரு கோடு ஓடும். அல்லது பற்றவைப்பு வழிந்த இடத்தைத் தேய்த்து மறைத்த மினுக்கம் அங்கே மட்டும் தனியாகத் தெரியும்.

இன்னொரு வழி, அசல் காசு ஒன்றைப் படியெடுத்து அச்சு செய்து புதிதாக அடிப்பது. அரை நூற்றாண்டுக்கு முன் லெபனானில் இப்படி அமெரிக்கத் தங்கக் காசுகள் அடிக்கப்பட்டன. அவற்றில் சரியான அளவு தங்கமே இருந்தது. இது முக்கியம். நம்மில் பலர் தங்கம் அசலா என்று உரைத்துப் பார்த்து, அசல் என்றால் நிம்மதி அடைகிறோம். அரிய காசு விஷயத்தில் அந்தச் சோதனைக்கு அநேகமாகப் பயனே இல்லை. தங்கம் அசலாக இருந்து காசு போலியாக இருக்கலாம். 2018-இல் தங்கத்தின் விலை சில நூறு டாலர், காசின் விலை இருபது லட்சம் டாலர் என்றால், அந்தச் சில நூறைப் போலி செய்பவன் முதலீடாகப் போடத் தயங்க மாட்டான்.

படியெடுத்த போலியில் வேறொரு தடயம் சிக்கும். தாய்க் காசில் எங்கோ விழுந்த கீறல், பள்ளம், அத்தனையும் அச்சில் ஏறி, அந்த அச்சில் அடித்த எல்லாப் பிள்ளைக் காசுகளிலும் ஒரே இடத்தில் இருக்கும். இரண்டு காசுகளில் ஒரே வடு ஒரே இடத்தில் இருந்தால் இரண்டில் ஒன்றாவது போலி, பெரும்பாலும் இரண்டுமே.

இதையெல்லாம் அறிந்தவர்கள் சந்தேகப்பட்டது சரி. அவர்கள் தவறியது ஒரே இடத்தில்தான். சந்தேகத்தை முடிவாக்கிவிட்டார்கள். "இது அசலாக இருக்க வாய்ப்புக் குறைவு" என்பது உண்மை. "இது போலி" என்று சொல்ல, எந்த இடத்தில் எது பொருந்தவில்லை என்று காட்ட வேண்டும். "எனக்குத் தெரியவில்லை, ஆய்வுக்கு அனுப்புங்கள்" என்று ஒருவர் சொல்லியிருந்தால் போதும். காசின் உரிமையாளர் மனம் தளர்ந்து அதைத் தங்க விலைக்கு எங்கேனும் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கும்போது எனக்கு உண்மையாகவே வயிறு கலங்குகிறது.

எப்படி உறுதி செய்தார்கள்

என்ஜிசி ஆய்வாளர்கள் ஸ்மித்சோனியனிடமிருந்து அங்குள்ள காசின் நுட்பமான படத்தைப் பெற்று, தங்கள் கையில் இருந்த காசோடு ஒப்பிட்டார்கள். ஏன் இது இவ்வளவு வலுவான சோதனை என்று விளக்குகிறேன்.

அன்று எல்லாக் கிளை நாணயச்சாலைகளுக்கும் அச்சுகள் ஃபிலடெல்ஃபியாவில்தான் தயாராயின. மங்கையின் தலையும் கழுகும் எல்லா அச்சுகளிலும் ஒரே மூலத்திலிருந்து வந்தவை; அவற்றில் வேறுபாடு இருக்காது. ஆனால் ஆண்டு எண்ணையும் மின்ட் மார்க்கையும் ஒவ்வொரு அச்சிலும் தனித்தனியாகக் கையால் அடித்துப் பதித்தார்கள். கை என்றால் கைதான். ஓர் அச்சில் 1854 சற்று இடப்பக்கம் தள்ளி விழும்; இன்னொன்றில் நூலிழை சாய்ந்து விழும். ஒன்றின் முதல் இலக்கம் கழுத்தின் நுனியை நெருங்கும். இன்னொன்றில் விளிம்புப் பற்களை நெருங்கும். எஸ் எழுத்தும் அப்படியே. இறகின் நுனிக்கும் அம்பின் தண்டுக்கும் நடுவில் அது உட்கார்ந்த இடம் அச்சுக்கு அச்சு மாறும்.

ஓர் அச்சு ஆயிரக்கணக்கில் காசு அடிக்கும் வலுவுள்ளது. 268 காசுகளுக்கு ஒரு சோடி அச்சே தாராளம். அப்படியானால் அசல் 1854-எஸ் ஹாஃப் ஈகிள் எதுவாக இருந்தாலும் அதில் ஆண்டு விழுந்த இடமும் எழுத்து விழுந்த இடமும் ஸ்மித்சோனியன் காசில் உள்ளபடியே இருக்க வேண்டும். ஃபிலடெல்ஃபியா காசில் எஸ் ஒட்டியவன் எழுத்தை வேண்டுமானால் சரியான இடத்தில் வைக்கலாம். முன்பக்கத்தில் ஆண்டு விழுந்த இடத்தை நகர்த்த அவனால் முடியாது. அது வேறு அச்சு. கள்ளன் பின்பக்கத்தில் வேலை செய்கிறான். காட்டிக் கொடுப்பது முன்பக்கம்.

பொருந்தியது. காசு அசல் என்று சான்று எழுதப்பட்டது; எழுபது புள்ளி அளவில் 45 என்ற தரமும் கிடைத்தது. கொஞ்ச காலம் புழங்கிய காசு என்று அதற்குப் பொருள். மங்கையின் கூந்தல் சுருள்களிலும் கழுகின் கழுத்திலும் மேடான இடங்கள் லேசாகத் தேய்ந்திருக்கும். யாரோ இதை ஐந்து டாலராகவே செலவழித்திருக்கிறார்கள். அரிசிக்கோ மாவுக்கோ கொடுத்து மிச்சம் வாங்கியிருக்கிறார்கள். இந்தத் தேய்மானம்தான் எனக்கு அந்தக் காசில் பிடித்த பகுதி.

அதோடு முடியவில்லை. அசல் என்றானதும் இன்னொரு கேள்வி எழுந்தது, முன்னதைவிடக் கனமானது: இது டூபாண்ட் வீட்டில் திருடு போன காசாக இருந்தால்? அமெரிக்கச் சட்டத்தில் திருடனிடமிருந்து வந்த பொருளுக்கு, எத்தனை கை மாறினாலும், வாங்கியவருக்கு உரிமை பிறப்பதில்லை. 1967-இல் போன காசு 2018-இல் வந்தாலும் அது பறிகொடுத்தவருடையதே. சான்று கொடுத்து ஏலத்துக்கு அனுப்பிய பிறகு இது தெரிய வந்தால் எல்லோர் தலையிலும் இடி.

இங்கே ஒப்பீட்டின் திசை அப்படியே திரும்புகிறது. அசலா என்று பார்க்க, எல்லாக் காசுகளுக்கும் பொதுவானதைத் தேடினார்கள். அதாவது அச்சின் தடத்தை. அதே காசுதானா என்று பார்க்க, ஒரு காசுக்கு மட்டுமே உரியதைத் தேட வேண்டும். அதாவது அச்சிலிருந்து வெளியே வந்த பிறகு அதன் மேல் விழுந்த கீறலையும் நசுங்கலையும். டூபாண்டின் காசு பழைய ஏலப் பட்டியலில் படமாகப் பதிவாகியிருந்தது. அந்தப் படத்தில் உள்ள வடுக்கள் புதிய காசில் இல்லை. வடு புதிதாக வரலாம். இருந்த பள்ளம் தானாக ஆறாது. ஆகவே இது வேறு காசு என்று முடிவானது.

விலை பற்றி ஒரு சொல்

2020 மார்ச்சில் போக் குடும்பத்தின் காசு ஏலத்துக்கு வந்தது. தரத்தில் அது 58-க்கும் சற்று மேல். நான்காவது காசைவிட எவ்வளவோ புதுமெருகுடன் இருப்பது. எலியாஸ்பெர்க் கையிலிருந்து வந்தது. விற்ற விலை 19,20,000 டாலர். தேய்ந்தது 21.6 லட்சத்துக்கும் அதிகம் தேயாதது 19.2 லட்சத்துக்கும் போயிருக்கிறது. மூன்று என்று இருந்தது நான்கு ஆனதும், பெருந்தொற்று உலகைப் பிடித்த வாரங்களில் விற்றதும் காரணமாக இருக்கலாம். கண்டெடுத்த கதைக்கும் சேர்த்துத்தான் 2018-இல் ஒருவர் விலை கொடுத்தார் என்பது என் கணிப்பு.

அரிய காசு வாங்க நினைப்பவர்கள் கேட்டால் நான் சொல்வது இந்த நிகழ்விலிருந்து எடுத்ததுதான். சான்று பெற்ற காசை வாங்குங்கள். அந்தச் சான்று எண்ணை நிறுவனத்தின் பதிவில் உள்ள படத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள், ஏனெனில் காசை அடைத்துத் தரும் சான்று உறையையே போலியாகச் செய்கிறார்கள். பழைய ஏலப் பட்டியல்களைத் தேடிச் சேருங்கள். காசு வாங்கப் பணம் இல்லாத காலத்திலும் பட்டியல் வாங்கலாம். வீட்டுப் பெரியவர்கள் விட்டுச்சென்ற காசை எக்காரணம் கொண்டும் புளியோ பொடியோ போட்டுத் துலக்காதீர்கள். ஆய்வாளர் படிக்க வேண்டிய எழுத்து அந்தத் தளத்தில்தான் இருக்கிறது.

டூபாண்டின் ஐந்து டாலர் இன்னும் கிடைக்கவில்லை. உருக்கியிருந்தால் ஏழரை கிராம் தங்கமாக எங்கோ ஒரு நகையில் கலந்திருக்கும். உருக்காமல் இருந்தால், ஏதோ ஒரு பெட்டியில், தான் யார் என்று அறியாதவர் கையில் அது இருக்கக்கூடும். அதன் வடுக்களோடு கூடிய படம் மட்டும் பழைய பட்டியலில் அப்படியே இருக்கிறது.